ஆடிப்பட்டம் டர்பனில் செல்லுமா?

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 19.07.2023, இரவு 8.40

தென்னாப்பிரிக்கா, டர்பனிலிருந்து அனைவருக்கும் வணக்கம். நேற்று வேலூரிலிருந்து என் மனைவியின் சித்தப்பா தொலைபேசியில் பேசினார். "ஆடி பிறந்துவிட்டதே, விதை போட்டீர்களா?" என்று கேட்டார். போன ஆண்டும் இதையேதான் கேட்டார். நானும் மறுபேச்சில்லாமல் செய்தேன். பாகல், புடலை, வெண்டை மூன்றையும் ஆடி மூன்றாம் நாள் ஊன்றினேன். பாகல் இருபத்திரண்டு நாள் கழித்து இரண்டே இரண்டு முளைத்தது. புடலை விதையைத் தோண்டிப் பார்த்தேன், விரலில் கூழாக நசுங்கியது. வெண்டை முளைத்தது என்னவோ உண்மை. ஆனால் இரண்டு இலையோடு தீக்குச்சிபோல் ஆவணி முடியும்வரை அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் செப்டம்பர் கடைசியில் போட்ட வெண்டை அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. வேலிக்கு மேலே தலையை நீட்டி அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல விரும்பவில்லை.

இரண்டு கேள்விகள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இந்த ஊருக்குப் பொருந்துமா? இரண்டாவது, போன ஜனவரியில் மாங்காயையும் மிளகாயையும் வெயிலில் காயவைத்தேன். நான்காம் நாள் மாங்காய்த் துண்டுகளில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். வெயில் சுட்டெரித்தது, பிறகு எப்படிப் பூசணம் பிடித்தது?

இடம்: சரிவில் ஏழு தட்டுகளாக வெட்டிய பின்கட்டு, களிமண், நல்ல கிழக்கு வெயில்.

வெருளம்_பாத்தி | 19.07.2023, இரவு 9.55

தம்பி, சித்தப்பா சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. தமிழ்நாட்டில் ஆடியில் மேற்கு மலையில் மழை கொட்டுகிறது, காவிரியில் புதுவெள்ளம் வருகிறது, பதினெட்டாம் பெருக்கு கொண்டாடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் பின்னால் வரும். அந்தத் தண்ணீரை நம்பிச் சொன்ன சொல் அது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் உட்கார்ந்திருக்கிறோம். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை; அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடுகிறது. ஆடியில் மண் காய்ந்து கிடக்கும். இரவில் 11, 12 பாகை செல்சியஸ் வரை இறங்கும். கொடிக்காய் விதைக்கு மண் 20 பாகைக்கு மேலாவது சூடாக வேண்டும். குளிர்ந்த மண்ணில் தண்ணீரையும் ஊற்றினால் விதை அழுகாமல் என்ன செய்யும்? உங்கள் புடலை கூழானது அதனால்தான்.

என் தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, உம்லோட்டி ஆற்றங்கரையில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டவர். தலைச்சுமையாக விற்றார். அவர் பஞ்சாங்கத்தைச் சாமிக்கு வைத்துக்கொண்டார். விதைக்குப் பார்த்தது காஃபர்பூம் என்று அப்போது இங்கே எல்லோரும் சொன்ன முள்முருங்கை மரத்தை. (அந்தப் பழைய பெயர் வசைச்சொல்லிலிருந்து வந்தது, இப்போது யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஜூலு மொழியில் உம்சின்சி.) அது இலையில்லாமல் சிவப்பாகப் பூத்து முடித்துத் தளிர்விடத் தொடங்கினால் பாகலும் சுரையும் ஊன்றலாம். பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. நம் கணக்கில் புரட்டாசி. ஆக நமக்கு ஆடிப்பட்டம் புரட்டாசியில் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோட்டத்தைச் சும்மா போட வேண்டாம். கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, கோசு, பட்டாணி, வெங்காயம் எல்லாம் குளிரில்தான் சிரிக்கும். தக்காளியும் கடற்கரை ஊர்களில் குளிர்காலப் பயிர்தான். கோடை மழையில் இலைக்கருகலும் வாடல்நோயும் அதைத் தின்றுவிடும். மாசியில் நாற்றுவிட்டு இப்போது பறிக்க வேண்டும். அதற்கு நீங்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

டொங்காட்_அத்தை | 20.07.2023, காலை 6.15

வெருளத்து அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் நான் தலையாட்டுவேன். ஆடியில் விதைக்கக் கூடாது என்று யார் சொன்னது? என் அம்மா ஆடி வெள்ளிக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் பீன்ஸ் விதை ஊன்றுவாள். மீலி (மக்காச்சோள) மாவுக் கூழ் கையில் ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே ஊன்றுவாள். ஒரு வருஷமும் அது பொய்த்ததில்லை.

காரணம் எளிது. புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நம் ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காய்கறிக்குப் பாய்வார்கள். அப்போது சந்தையில் பீன்ஸ் விலையைக் கேட்டால் விரதம் இல்லாமலே பசி அடங்கிவிடும். குத்துப் பீன்ஸுக்குக் கடலோரத்தில் ஏறக்குறைய அறுபது, அறுபத்தைந்து நாள். ஆடி முதல் வாரம் ஊன்றினால் புரட்டாசி முதல் வாரம் கொத்துக் கொத்தாகப் பறிக்கலாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னாலிருந்து முன்னால் நாளை எண்ணத் தெரியும்.

ஆகவே தம்பி, பாகலையும் புடலையையும் விடுங்கள். பீன்ஸ் போடுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_மாமா | 20.07.2023, காலை 7.02

கடலோரத்து ஆட்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் யாரும் இப்போது பீன்ஸ் போட்டுவிடாதீர்கள். பள்ளத்தில் இருக்கும் தெருக்களில் காலையில் புல்மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கிறது. பீன்ஸ் ஒரே இரவில் வெந்த கீரையாகிவிடும். எங்களுக்கு ஆகஸ்ட் கடைசிக்கு முன்னால் பேச்சே இல்லை. அதையும் ஒரு கண் வானத்தில் வைத்துக்கொண்டுதான்.

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 20.07.2023, மாலை 5.30

அத்தை, மிக்க நன்றி. ஐந்து பேர் குடும்பம். எவ்வளவு போட வேண்டும்? ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊன்றிவிடலாமா?

டொங்காட்_அத்தை | 20.07.2023, இரவு 7.48

ஒரே நாளில் ஊன்றினால் ஒரே வாரத்தில் காய்த்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். குத்துப் பீன்ஸின் சுபாவம் அது. இன்று பாதி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மீதி. பன்னிரண்டு அடி வரிசை நான்கு போதும். விதைக்கு விதை ஒரு கை அகலம், வரிசைக்கு வரிசை முழங்கை நீளம். ஆழம் விரலின் இரண்டு கணு. விதையை ஊறவைக்காதீர்கள், குளிர்ந்த மண்ணில் ஊறிய விதை பிளந்துவிடும். ஊன்றும்போது ஒரு முறை நன்றாகத் தண்ணீர், பிறகு முளை தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இதுதான் எல்லாருக்கும் கஷ்டம்.

முளை வந்ததும் தண்டைச் சுற்றிப் புழு அறுக்கிறதா என்று காலையில் பாருங்கள். படுத்துக் கிடக்கும் கன்றின் பக்கத்தில் மண்ணைக் கிளறினால் சாம்பல்நிறப் புழு சுருண்டு கிடக்கும். பழைய டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி வளையமாக வைத்தால் அண்டாது.

பீனிக்ஸ்_ஊறுகாய் | 20.07.2023, இரவு 9.20

இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அது என் பேட்டை.

தம்பி, ஜனவரி வெயில் சுடும், ஆனால் காயவைக்காது. காற்று முழுக்க ஈரம். காலையில் மடித்த துணியே மாலையில் நமுத்துப்போகிற ஊரில் மாங்காய் எப்படிக் காயும்? தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் வற்றல் போடுகிறார்கள் என்றால் அங்கே அப்போது வறண்ட வெயில். நமக்கு வறண்ட வெயில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில். சூடு குறைவுதான், பெரும்பாலும் 22, 23 பாகைக்குமேல் ஏறாது. ஆனால் காற்றில் ஈரமில்லை, மழை இல்லை. வற்றல் சூட்டில் காய்வதைவிடக் காற்றில்தான் காய்கிறது.

அப்படியானால் டிசம்பரில் காய்க்கிற மாங்காயை என்ன செய்வது? உப்பில் படுக்க வையுங்கள். ஒரு கிலோ துண்டுக்கு 150 கிராம் கல்லுப்பு, ஒரு கரண்டி மஞ்சள்தூள். கன்சோல் ஜாடியை (இறுக மூடுகிற கண்ணாடி ஜாடி) கொதிநீரில் போட்டு எடுத்து, முற்றிலும் காய்ந்த பிறகு நிரப்புங்கள். இரண்டாம் நாள் தானாகவே தண்ணீர் விட்டு மாங்காய் மூழ்கிவிடும். மூழ்காமல் தலை நீட்டுகிற துண்டில்தான் பூசணம் பிடிக்கும்; கழுவிக் காயவைத்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தைப் பாரமாக வையுங்கள். அப்படியே ஐந்து மாதம் கிடக்கட்டும். ஜூன் பிறந்ததும் எடுத்துப் பிழிந்து வெயிலில் போட்டால் மூன்று, நான்கு நாளில் தோல்போல் சுருண்டுவிடும். உப்பு நீரைக் கொட்டாதீர்கள். மாலையில் துண்டுகளை அதிலேயே போட்டு ஊறவைத்து மறுநாள் காலையில் திரும்பக் காயவையுங்கள். நீர் முழுவதும் மாங்காய்க்குள் போய்விடும்.

மிளகாய் இன்னும் எளிது. செடி மே, ஜூன் வரை காய்க்கிறது. கடைசிப் பறிப்பை மோர்மிளகாய்க்கு ஒதுக்குங்கள். நம் ஊர் மாஸ் (புளிக்கவைத்த கட்டிப்பால்) இருக்கிறதே, அதைவிட நல்ல புளித்த மோர் உலகத்தில் இல்லை. கடையில் வாங்கும் கட்டி மாஸை உப்புப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காம்பைக் கிள்ளாமல் நுனியில் ஊசியால் இரண்டு குத்து. இரவில் மாஸில், பகலில் வெயிலில். நாலைந்து நாளில் மாஸெல்லாம் உறிஞ்சி வெள்ளை பூத்து நிற்கும். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். அதுவரை டப்பாவில் அடைக்காதீர்கள்.

லெனேசியா_சிமென்ட்தரை | 21.07.2023, காலை 10.10

ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெருமை. இங்கே 1600 மீட்டர் உயரம். ஜூலையில் காற்று அப்பளம் போல் இருக்கிறது. முந்தாநாள் காலை பிழிந்த அரிசி வடகம் நேற்று மாலை கையில் ஒடிந்தது. உங்கள் நாலு நாள் எங்களுக்கு இரண்டு நாள். பதிலுக்குக் கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து ஜூன் முதல் ஆகஸ்ட்வரை சமையலறை ஜன்னலில் குழந்தைபோல் வளர்க்க வேண்டியிருக்கிறது. வெளியே விட்டால் பனியில் கறுத்துவிடும். மாங்காயை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வெருளம்_பாத்தி | 21.07.2023, பகல் 1.25

பீனிக்ஸ் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று இறங்கும். குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று 30 பாகைக்குமேல் ஏறும், உதடு வெடிக்கும், கதவு மரம் சுருங்கிச் சத்தம் போடும். அன்றைக்கு எழுந்ததும் வடகம் பிழிந்துவிட வேண்டும். மாலைக்குள் காய்ந்துவிடும். ஆனால் பேராசைப்பட்டு மறுநாளைக்கு மாவு கரைத்து வைக்காதீர்கள். பெர்க் காற்றுக்குப் பின்னாலேயே தெற்கிலிருந்து குளிர்காற்றும் சாரலும் வந்துவிடும். என் வீட்டுக்காரி காற்று திரும்புவதை முழங்கால் வலியில் கண்டுபிடிப்பாள். வானொலியைவிட அவள் சரி.

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 06.08.2023, மாலை 6.05

முதல் பாதிப் பீன்ஸ் முளைத்துவிட்டது, அத்தை. தொண்ணூறு விதையில் எண்பத்தொன்று. இரண்டாம் பாதியும் ஊன்றிவிட்டேன்.

மோர்மிளகாய்க் கதையைக் கேளுங்கள். இரண்டு கிலோ மிளகாய், எல்லாம் பீனிக்ஸ் அக்கா சொன்னபடி. மூன்றாம் நாள் காலை, தாம்பாளத்தைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் தொட்டியின்மேல் ஒரு குரங்கு, பெரியது, கறுத்த முகம். ஒரு மிளகாயை எடுத்து முகர்ந்தது. நுனியை மட்டும் கடித்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிறகு நாக்கை முழுதாக வெளியே நீட்டி, இரண்டு கையாலும் மாறி மாறித் துடைத்துக்கொண்டது. நான் சிரித்ததுதான் தப்பு. கோபத்தில் தாம்பாளத்தையே தட்டிவிட்டு, போகிற போக்கில் பப்பாளியில் இருந்த ஒரே பழத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மிளகாயெல்லாம் களிமண்ணில்.

கழுவித் திரும்ப மாஸில் போட்டிருக்கிறேன். பழைய கொசுவலைச் சட்டத்தை மேலே கவிழ்த்துக் கல் வைத்திருக்கிறேன். குரங்குக்கு என்ன வழி?

டொங்காட்_அத்தை | 06.08.2023, இரவு 8.30

கறுத்த முகத்துக்காரனுக்கு வழி கிடையாது. விஷம் வைப்பது, சுடுவது என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்; பாவம் ஒருபக்கம், சட்டப்படியும் குற்றம். அவன் தொடாததை வேலியோரம் போடுங்கள், தொடுவதை வீட்டுச் சுவரோரம் போடுங்கள். மிளகாய், மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, மதும்பி எதையும் எங்கள் வீட்டில் அவன் தொட்டதில்லை. மதும்பியை (உங்கள் சித்தப்பாவுக்குச் சேப்பங்கிழங்கு என்று சொன்னால் புரியும்) பச்சையாகக் கடித்தால் வாயெல்லாம் அரிக்கும்; அவனுக்கு அது தெரியும்.

மதும்பியைப் பற்றி இன்னொன்று. அதைப் பதப்படுத்த வேண்டிய வேலையே இல்லை. செப்டம்பரில் நட்டால் சித்திரை, வைகாசியில் இலை சாயும். அப்போது எல்லாவற்றையும் தோண்டாதீர்கள். குளிர்காலத்தில் மண் காய்ந்திருக்கும்வரை கிழங்கு உள்ளேயே சுகமாகத் தூங்கும். வேண்டும்போது ஒரு செடி, புளி ஊற்றி ஒரு குழம்பு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கீழ்ப்பாத்தி முழுக்க ஆற்றோடு போனது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் அடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் மேல்பாத்தி மதும்பிதான் எங்களுக்குச் சோறு. கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் மண்ணோடு அவித்துத் தோலை உரித்தோம்.

ஸ்டேங்கர்_சமையல் | 12.08.2023, காலை 11.40

இழையை இன்றுதான் பார்த்தேன். பீன்ஸ் அதிகமாகக் காய்த்தால் கவலைப்படாதீர்கள். நான் போன மாதம் ஒன்பது கன்சோல் ஜாடியில் பீன்ஸை உப்புநீரில் போட்டு, மூடி, பெரிய அண்டாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அடைத்திருக்கிறேன். அலமாரியில் அழகாக நிற்கிறது. ஒரு ஜாடியின் மூடி மட்டும் நடுவில் சற்றே புடைத்திருக்கிறது. அதை முதலில் சமைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_தாதி | 12.08.2023, பகல் 12.05

சமைக்காதீர்கள். திறக்கக்கூடத் திறக்காதீர்கள். ருசி பார்க்கவே கூடாது. தயவுசெய்து இதைப் படித்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்.

ஸ்டேங்கர்_சமையல் | 12.08.2023, பகல் 12.50

படித்துவிட்டேன். ஏன் இவ்வளவு பதற்றம்? என் மாமியார் முப்பது வருஷம் இப்படித்தான் செய்தார். பழ ஜாமும் இதே அண்டாவில்தான்.

ஓய்வுபெற்ற_தாதி | 12.08.2023, பகல் 1.30

அம்மா, ஜாம் வேறு, பீன்ஸ் வேறு. பழத்தில் புளிப்பு இருக்கிறது, சர்க்கரையும் சேர்க்கிறீர்கள். பீன்ஸில் புளிப்பே இல்லை. மண்ணில் பொட்டுலினம் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதிநீரில், அதாவது 100 பாகையில், சாவதில்லை. மூடிய ஜாடிக்குள் காற்றில்லாமல், புளிப்பில்லாமல், அலமாரிச் சூட்டில் இருந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அவை தலையெடுக்காது. அதனால்தான் ஊறுகாயும் ஜாமும் தப்பிக்கின்றன. பீன்ஸ், பட்டாணி, மீலி, கிழங்கு இவற்றை ஜாடியில் அடைப்பதற்கு 116 பாகைக்குமேல் போகிற தனி அழுத்தப் பாத்திரமும் அதற்கென்று சோதித்த நேரக்கணக்கும் வேண்டும். சாம்பார் வைக்கிற குக்கர் அதற்கு ஆகாது.

இந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது. பல சமயம் மூடி புடைக்கவும் செய்யாது. கண் இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது என்று ஆரம்பித்து மூச்சில் போய் முடியும். மாமியாருக்கு முப்பது வருஷம் அதிர்ஷ்டம் இருந்தது, அதை மறுக்கவில்லை. உங்கள் ஒரு மூடி இப்போதே புடைத்திருக்கிறது.

ஒன்பதையும் திறக்காமல் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியிலும் கோழிக்கும் போட வேண்டாம்.

ஸ்டேங்கர்_சமையல் | 13.08.2023, காலை 8.15

போட்டுவிட்டேன். ஒன்பதையும். இரவெல்லாம் உறக்கமில்லை, வெள்ளிக்கிழமை என் பேரனுக்கு அந்தப் பீன்ஸில்தான் கறி வைப்பதாக இருந்தேன். கோபமாகக் கேட்டதற்கு மன்னியுங்கள், சிஸ்டர்.

ரோஸ்ஹில்_பாகல் | 13.08.2023, மாலை 4.20

மொரீஷியஸிலிருந்து வணக்கம். அம்மா, ஜாடி ஆசை விடவில்லை என்றால் எங்கள் ஊர் ஸாஸார் போடுங்கள். பீன்ஸ், கேரட், கோசு மூன்றையும் நீளவாக்கில் மெலிதாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி எடுத்து, துணியில் பரப்பி அரைநாள் வெயிலில் வாடவிட வேண்டும். இந்த வாடல்தான் சூட்சுமம். காயின் நீர் வற்றியிருந்தால்தான் வினிகர் நீர்த்துப்போகாது. பிறகு அரைத்த கடுகு, மஞ்சள், பூண்டு, கீறிய மிளகாய், சூடாக்கிய எண்ணெய், வினிகர். எங்களுக்கும் குளிர்காலம்தான் வறட்சி. நவம்பர் வந்துவிட்டால் புயல் பயத்தில் வெயிலில் எதையும் பரப்ப மனம் வராது.

பீனிக்ஸ்_ஊறுகாய் | 13.08.2023, மாலை 5.10

இதைத்தான் நாங்கள் வெஜிடபிள் அச்சார் என்று கல்யாண வீட்டில் வாளி வாளியாகப் போடுகிறோம். வினிகர் 5 சதவீத அமிலம் உள்ளதா என்று புட்டியில் பார்த்து வாங்குங்கள்; தண்ணீர் கலக்காதீர்கள். இதையும் குளிர்பெட்டியிலேயே வையுங்கள். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பவர்களுக்கும் சிஸ்டர் சொன்ன கதைதான். எண்ணெய் காற்றை மறிக்கும், புளிப்பைத் தராது.

வெறும் பீன்ஸாகவே வேண்டுமென்றால் உறையவைப்பது ஒன்றுதான் வழி. மூன்று நிமிடம் கொதிநீர், உடனே பனிக்கட்டித் தண்ணீர், ஈரம் வடித்துத் தட்டையாகப் பையில். மின்வெட்டு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பெட்டி நிறைய இருந்து, திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான். காலி இடத்தில் தண்ணீர்ப் புட்டிகளை அடைத்து வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டவும் வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 27.08.2023, பகல் 2.30

ஓர் ஐயம். சாலையோரம் சுண்டைக்காய்போல் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. ஆளுயரம், பெரிய இலை, அடியில் சாம்பல் வெல்வெட்போல். பூ ஊதா. பறித்து வற்றல் போடலாமா?

வெருளம்_பாத்தி | 27.08.2023, பகல் 2.41

தொடாதீர்கள். அது சுண்டை அல்ல, பக்வீட். சுண்டைக்குப் பூ வெள்ளை, தண்டில் முள் உண்டு. இதற்கு ஊதாப் பூ, முள் கிடையாது, இலையைக் கசக்கினால் குமட்டும். பச்சைக்காய் நஞ்சு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஓடைக்கரையெல்லாம் பிடித்துக்கொண்ட களை. வளரவிடக் கூடாது என்று அரசாங்கப் பட்டியலிலேயே இருக்கிறது.

குழம்புக்கு வற்றல் வேண்டுமென்றால் மணத்தக்காளி உங்கள் காலடியிலேயே இருக்கும். ஜூலு மக்கள் அதை உம்சோபோ என்பார்கள். கறுத்துப் பழுத்ததைப் பறித்து ஜாம் காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த அம்மாள்தான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தார். அதற்கு முன்னால் அதை நான் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். பாட்டி செய்த வற்றல் குழம்பை நினைத்து ஏங்கிக்கொண்டே!

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 01.10.2023, காலை 9.00

அத்தை, கணக்குச் சொல்ல வந்தேன். முதல் பறிப்பு செப்டம்பர் 21, புரட்டாசி நான்காம் நாள். இதுவரை எட்டேகால் கிலோ. இரண்டு சனிக்கிழமைக்கும் பீன்ஸ்தான், நேற்றுப் பெரியவள் இலையைப் பார்த்துவிட்டு "மறுபடியுமா?" என்றாள். இரண்டு வரிசையின் கடைசிச் செடிகளைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். வண்டு பிடிக்காமல் எப்படி வைப்பது?

வேலூர்ச் சித்தப்பாவிடம் ஆடியில் ஊன்றியது காய்த்துவிட்டது என்று சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்கிறார். விளக்கப் போகவில்லை. பாகலும் புடலையும் போன வாரம்தான் ஊன்றினேன் என்பதையும் சொல்லவில்லை.

இன்னொன்று. வியாழன் இரவுக் காற்றில் மாமரத்திலிருந்து பிஞ்சு உதிர்ந்து கிடக்கிறது. கோலிக்குண்டு அளவு, பிளந்தால் உள்ளே கொட்டை வெள்ளையாகப் பால்போல். ஒரு வாளி இருக்கும். கூட்டி உரக்குழியில் போட்டுவிடலாம்தானே?

டொங்காட்_அத்தை | 01.10.2023, காலை 9.04

உரக்குழியா! கையை எடுங்கள்!

பீனிக்ஸ்_ஊறுகாய் | 01.10.2023, காலை 9.20

மாவடு தம்பி, மாவடு! அங்கே மாசி, பங்குனியில் கூடை தூக்கிக்கொண்டு தேடுவார்கள். நமக்குப் புரட்டாசியில் காற்று கொண்டுவந்து கொட்டுகிறது.

அடிபட்டது, கறுத்தது, புழு ஓட்டை இருப்பது எல்லாவற்றையும் தள்ளுங்கள். காம்பு கொஞ்சம் இருக்கட்டும். கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு ஒவ்வொரு வடுவும் மினுங்கும்படி புரட்டுங்கள். 150 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். ஜாடியில் போட்டு மூடி தினம் இரண்டு வேளை குலுக்குங்கள். நாலைந்து நாளில் தோல் சுருங்கித் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து 40 கிராம் காய்ந்த மிளகாயும் இரண்டு மேசைக்கரண்டி கடுகும் அரைத்துத் திரும்பக் கலந்துவிடுங்கள். ஒரு மாதம் தொடக் கூடாது. எடுக்கிற கரண்டி எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும்.

விதைப் பீன்ஸுக்கும் அதே விளக்கெண்ணெய்தான். காய் செடியிலேயே காகிதம்போல் காய்ந்ததும் உரித்து, இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டி, கை நிறைய விதைக்கு நாலு சொட்டு விட்டுப் பிசிறி ஜாடியில் அடையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கிற வண்டு முட்டையும் தீர்ந்துவிடும். விதை நன்றாகக் காய்ந்திருந்தால் முளைப்புக்குக் கேடில்லை.

சாட்ஸ்வொர்த்_முருங்கை | 01.10.2023, பகல் 12.35

பொறுக்கிவிட்டேன். தேறியது மூன்று கிலோ அறுநூறு. வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரரே ஒரு டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஜாடி கேட்டிருக்கிறார். விளக்கெண்ணெய் மருந்துக்கடையில் கிடைப்பது போதுமா?

பீனிக்ஸ்_ஊறுகாய் | 01.10.2023, பகல் 12.50

போதும். உள்ளுக்குச் சாப்பிடுவது என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும், வாசனை எதுவும் சேர்க்காதது. எனக்கும் ஒரு ஜாடி.